நின்றுபோன எச்.எம்.டி.: எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது

வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் பேச்சின் நடுவே கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும், உள்ளே ஒரு பழைய எச்.எம்.டி. வாட்ச் இருக்கிறது. மாடல் ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், எப்போதாவது ஒரு காஞ்சன். (அந்தப் பெயரில் ஒரு கால் விட்டுப்போனால் கருமியாகிவிடும், கவனம்.) "உங்க பெரியப்பாவோடதுப்பா, சும்மாவே கிடக்கு, ஓடுமான்னு பாரு."

பத்துப் பன்னிரண்டு வருடமாக இப்படிப் பொட்டலம் பிரித்ததில் ஒன்று புரிந்தது. வருகிற கோளாறுகள் எட்டு ஒன்பதுதான். செத்துவிட்டது என்று கொண்டுவரும் வாட்ச்சில் முக்கால்வாசி சாகவில்லை, உள்ளே எண்ணெய் காய்ந்து கிடக்கிறது. உண்மையிலேயே உடைந்திருப்பவற்றில் பலவற்றை உடைத்தது காலம் இல்லை, என்னைப் போல ஆர்வத்தில் திறந்து பார்த்த ஒரு ஆள்.

உடைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துப் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. இனி கம்பெனி உதிரிபாகம் வராது. கடைக்காரர்களிடம் மிச்சம் இருக்கும் பழைய சரக்கு, அது கிடைக்காவிட்டால் இன்னொரு வாட்ச்சைக் கழற்றி எடுப்பது. நீங்கள் ஒன்றை வளைத்தால் இன்னொன்று உயிரை விட வேண்டும்.

சில சொற்கள். ஓரத்தில் பிடித்துச் சுற்றும் குமிழை 'சாவி' என்கிறேன், அதிலிருந்து உள்ளே போகும் கம்பி 'ஸ்டெம்'. உள்ளே இருக்கும் மொத்த இயந்திரமும் 'மெஷின்'. கடையிலும் இப்படிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

திறப்பதற்கு முன்

ஃபேனை நிறுத்துங்கள். நான் தொலைத்த திருகுகளில் பாதியைத் தொலைத்தது மின்விசிறிதான். மேஜையில் வெள்ளைத் துண்டு வேண்டாம், பஞ்சிழை மெஷினுக்குள் போகும். வெள்ளைத் தாள் போதும். மடியில் மட்டும் ஒரு வேட்டியை விரித்து அதன் முனைகளை மேஜை விளிம்போடு கிளிப் போட்டுவிடுங்கள். விழுவது தரைக்குப் போகாது. ஃபேன் இல்லாமல் நம் ஊரில் வியர்க்கும், வியர்வை விரல் பட்ட இரும்பு துருப்பிடிக்கும். அதனால் இந்த வேலைக்கு விடியற்காலைதான் நல்லது. விரலுக்கு ரப்பர் உறை கிடைக்கிறது.

கண்ணில் வைக்கும் லென்ஸ், நல்ல சின்னத் திருப்புளி இரண்டு, சாமணம், பின்மூடியைத் திறக்கும் கத்தி, காற்று ஊதும் ரப்பர் பந்து, குழந்தைகள் விளையாடும் காந்த திசைகாட்டி ஒன்று. 'டிக்' சத்தத்தைக் கேட்டு வேகம் சொல்லும் செயலி போனுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. தொடங்க இவ்வளவு போதும். எண்ணெய் வாங்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அறிகுறி 1: ஓடவே இல்லை

இங்கே பின்மூடியைத் தொடுவதற்கு முன் சாவியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். விரலுக்கு என்ன தெரிகிறது என்பதை வைத்து நாலு வழி பிரிகிறது.

*1அ. கொஞ்சம் சுற்றியதும் இறுகி நிற்கிறது, ஆனால் ஓடவில்லை*

"அளவுக்கு மீறி சாவி கொடுத்துட்டேன் போல" என்று குற்ற உணர்ச்சியோடு சொல்வார்கள். அப்படி ஒரு நோயே கிடையாது. சாவி கொடுக்கும் சக்தியைச் சேர்த்து வைக்கும் மெயின் ஸ்பிரிங் முழுக்கச் சுற்றியிருக்கிறது, சக்தி இருக்கிறது, அது சக்கரங்களைத் தாண்டிப் போக முடியவில்லை. அவ்வளவுதான்.

முதல் சோதனை: வாட்ச்சைக் கையில் படுக்கையாக வைத்து, மணிக்கட்டை இடம் வலமாக நாலு தடவை மெதுவாகத் திருப்புங்கள். ஓட ஆரம்பித்து ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். சர்வீஸ் வேண்டும், அதாவது கழற்றிக் கழுவிப் புது எண்ணெய் விட வேண்டும், உடைந்தது எதுவும் இல்லை. பொட்டலங்களில் பாதி இந்த வகை.

ஓடவே இல்லை என்றால் பின்மூடியைத் திறந்து, முன்னும் பின்னும் ஆடி வேகத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் சக்கரத்தைப் பாருங்கள். ரப்பர் பந்தால் தூரத்திலிருந்து ஒரு சின்ன ஊது. சக்கரம் தாராளமாக ஆடி ஆடி மெல்ல நின்றால் பேலன்ஸ் நலம், தடை அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. அழுக்கு, ஒரு நூலிழை, காய்ந்த எண்ணெய். சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, வாட்ச்சைக் கவிழ்த்தால் ஆடுவதும் நிமிர்த்தினால் நிற்பதுமாக இருந்தாலோ, பேலன்ஸ் அச்சின் முனை ஒடிந்திருக்கலாம். தலைமுடியைவிட மெலிந்த முனை அது, கீழே விழுந்த வாட்ச்சில் முதலில் போவதும் அதுதான்.

கடைக்குப் போக வேண்டிய இடம்: சக்கரம் சாய்ந்திருப்பதைப் பார்த்த நொடி. அச்சு மாற்றுவது எல்லாக் கடையிலும் நடக்காது. பலர் வேறு வாட்ச்சிலிருந்து பேலன்ஸை முழுசாக எடுத்துப் போட்டுவிடுவார்கள். அது தவறில்லை, ஆனால் அதையா செய்யப்போகிறார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

*1ஆ. சாவி முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது*

காஞ்சன் மாதிரி, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்றால் இது கோளாறே இல்லை. அதன் ஸ்பிரிங் முழுசாகச் சுற்றியதும் வழுக்கிக்கொள்ளும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மற்றவை அனைத்தும் கைச்சாவி வாட்ச்சுக்கு.

செலவில்லாத காரணம் முதலில்: சாவி மட்டும் சுற்றுகிறது, ஸ்டெம் சுற்றவில்லை. யாரோ பின்பக்கமாகத் திருகித் திருகி மரை தளர்ந்திருக்கும். பின்மூடியைத் திறந்து, சாவியைச் சுற்றும்போது மேலே தெரியும் பெரிய பல்சக்கரம் நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் கோளாறு சாவிக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவில். தளர்ந்த சாவி, தேய்ந்த சின்னப் பல்சக்கரம், சின்னச் செலவு.

பெரிய சக்கரம் சுற்றியும் எதிர்ப்பே இல்லை என்றால் மெயின் ஸ்பிரிங் அறுந்துவிட்டது, அல்லது உள்ளே கொக்கியிலிருந்து நழுவிவிட்டது. பழைய எஃகு ஸ்பிரிங்குகள் அறுவது சகஜம். அறுந்த வேகத்தில் பக்கத்துப் பற்களை முறித்துவிட்டும் போகும், அதனால் புது ஸ்பிரிங் போடும்போது மற்ற பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

*1இ. சுற்றிவிட்டுக் கையை எடுத்தால் 'கிர்ர்' என்று திரும்பி வந்துவிடுகிறது*

சக்கரம் பின்னால் ஓடாமல் பிடிக்கும் சின்னக் கொக்கிக்குக் கிளிக் என்று பெயர். சாவி கொடுக்கும்போது வரும் சத்தம் அதனுடையதுதான். அந்தக் கிளிக்கோ, அதைத் தள்ளிப் பிடிக்கும் கம்பியோ போய்விட்டது. மறுபடி மறுபடி சுற்றிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் பற்கள் அடி வாங்குகின்றன. அந்தக் கம்பி சாமணத்திலிருந்து தெறித்தால் மடியில் வேட்டி விரித்திருந்தாலும் கிடைக்காது. எனக்கு இரண்டு போயிருக்கின்றன. இதைக் கடைக்கே விட்டுவிடுங்கள்.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கை. மேலே இரண்டு பல்சக்கரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சின்னதன் திருகு பல மெஷின்களில் தலைகீழ் மரை, கடிகார முள் போகும் திசையில் சுற்றினால்தான் கழலும். தலையில் மூன்று கோடு போட்டிருந்தால் அதன் அர்த்தம் பெரும்பாலும் இதுதான். தெரியாமல் வழக்கமான பக்கம் முறுக்கித் தலையை ஒடித்தவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

*1ஈ. சாவி அசையவே இல்லை*

துரு. தண்ணீரோ வியர்வையோ ஸ்டெம் வழியாக இறங்கியிருக்கிறது. கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே கூடாது. தேங்காய் எண்ணெய் கூடாது. சிரிக்காதீர்கள், சாவி இடுக்கில் தேங்காய் எண்ணெய் விட்டு அது மெஷின் முழுக்கப் பரவி மஞ்சள் பிசினாக இறுகிப்போன ஒரு சோனா என்னிடம் வந்திருக்கிறது. நேராகக் கடைக்கு.

அறிகுறி 2: ஓடுகிறது, நின்று நின்று ஓடுகிறது

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் திறக்காமலே பாதி கண்டுபிடித்துவிடலாம். நிற்கும் நேரத்தையெல்லாம் ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒரு மாமா காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதிக்கொண்டு வந்தார்: 2.11, 7.38, 4.22, மறுபடி 7.38. "ஒழுங்கே இல்லாம நிக்குது மாப்ளே" என்றார். ஒழுங்கு இல்லாமல் இல்லை. அந்த மூன்று நேரத்திலும் பெரிய முள் சின்ன முள்ளின் மேல் நேராக வந்து நிற்கும்.

*2அ. முட்கள் ஒன்றின் மேல் ஒன்று வரும் நேரத்தில் நிற்கிறது.* இரண்டும் உரசுகின்றன. வாட்ச்சைக் கண் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் லென்ஸால் பாருங்கள். டயல், சின்ன முள், பெரிய முள், செகண்ட் முள், கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் குற்றவாளி. கண்ணாடியைக் கழற்றி முள்ளை மயிரிழை உயர்த்தினால் சரி. மாமாவின் வாட்ச் ஐந்து நிமிடத்தில் ஓடியது. அதற்கு முன் ஒரு இடத்தில் முழு சர்வீஸ் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள்.

*2ஆ. செகண்ட் முள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது.* செகண்ட் முள் கண்ணாடியைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணாடி புதிதாக மாற்றிய வாட்ச்சில் இது அடிக்கடி நடக்கும், உயரம் குறைந்த கண்ணாடியைப் போட்டிருப்பார்கள். அது இல்லை என்றால் அந்த முள்ளைச் சுமக்கும் சக்கரத்தில் ஒரு பல்லில் அழுக்கு அல்லது வளைவு. அழுக்கு சர்வீஸில் போகும். வளைந்த பல் உங்கள் வேலை இல்லை.

*2இ. நள்ளிரவை ஒட்டி நிற்கிறது.* தேதி, கிழமை காட்டும் வாட்ச்சா? அவற்றைத் தள்ளுவதற்கு அந்த நேரத்தில் கூடுதல் சக்தி வேண்டும். மெஷின் காய்ந்திருந்தால் அந்தப் பாரத்தில் மூச்சு நின்றுவிடும். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை தேதியைக் கையால் மாற்றாதீர்கள், அந்த நேரத்தில் பற்கள் கோத்துக்கொண்டிருக்கும், பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் பல் போய்விடும்.

*2ஈ. கையில் ஓடுகிறது, மேஜையில் வைத்தால் நிற்கிறது.* ஆட்டோமேட்டிக் என்றால் கேள்வி வாட்ச்சைப் பற்றியது இல்லை, உங்களைப் பற்றியது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது எப்படிச் சுற்றும்? கையால் முப்பது சுற்று கொடுத்துவிட்டு மேஜையில் வைத்துப் பாருங்கள். அப்போதும் நின்றால், அல்லது கைச்சாவி வாட்ச்சே இப்படி நின்றால், டயல் மேலே, டயல் கீழே, சாவி கீழே என்று மூன்று நிலையிலும் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஒரே நிலையில்தான் நிற்கிறது என்றால் பேலன்ஸ் முனையோ, அதற்குத் தாங்கியாக வைத்திருக்கும் சின்னக் கல்லோ தேய்ந்திருக்கும். அந்த நிலை எது என்று கடைக்காரரிடம் சொன்னால் அவர் உங்களை மரியாதையாகப் பார்ப்பார்.

*2உ. நன்றாக ஓடிவிட்டு, சாவி கொடுத்த இருபது மணி நேரத்தில் நிற்கிறது.* முழு சாவிக்கு ஒன்றரை நாள் தாராளமாக ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் எண்ணெய், அதற்கு அடுத்து களைத்துப்போன மெயின் ஸ்பிரிங். காலையில் ஒரு தடவை சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை ஓடுகிறது என்றால் நான் விட்டுவிடுவேன்.

அறிகுறி 3: வேகமாக ஓடுகிறது

எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி.

நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் என்றால் சரிசெய்யும் நெம்புகோலை நகர்த்தினால் போதும். பேலன்ஸை மேலிருந்து பிடிக்கும் பாலத்தின் மேல் கூட்டல், கழித்தல் குறி போட்டிருக்கும். கழித்தல் பக்கம் மிக மிகக் கொஞ்சம். இரும்புத் திருப்புளியால் தள்ளாதீர்கள், வழுக்கினால் பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங் காலி. பல் குத்தும் மரக்குச்சியால் தள்ளுங்கள். அரை மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள்.

நாளுக்குப் பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று பறந்தால் நெம்புகோலைத் தொடாதீர்கள். அதைக் கடைசிவரை தள்ளினாலும் தீராது, உண்மைக் காரணமும் மறைந்துவிடும். காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது காந்தம். போன் உறையின் மூடி, ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பித்தான், இப்போது எல்லாவற்றிலும் காந்தம்தான். பொம்மைத் திசைகாட்டியின் மேல் ஓடும் வாட்ச்சை வையுங்கள். அதன் ஊசி நடுங்கினால் ஹேர் ஸ்பிரிங் காந்தமேறியிருக்கிறது. காந்தம் நீக்கும் சின்னக் கருவி மலிவானது. நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம், கடையில் கொடுத்தால் பத்து நொடி வேலை. வெளியே எடுக்கும்போது பொத்தானை அழுத்தியபடியே வாட்ச்சை ஒரு முழ தூரம் விலக்கிவிட்டுத்தான் பொத்தானை விட வேண்டும். அருகிலேயே விட்டால் நீக்குவதற்குப் பதில் ஏற்றிவிடும்.

இரண்டாவது, ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது. நீளம் குறைந்த ஊஞ்சல் வேகமாக ஆடுவது மாதிரிதான். இங்கே என் கதை. ஆரம்ப நாட்களில் ஒரு ஜனதா மெதுவாக ஓடியது. தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டை ஊசி முனையில் எடுத்துப் பேலன்ஸ் பக்கம் விட்டேன். எண்ணெயில் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு, அன்றிரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் போய்விட்டது. ஒரு சொட்டு என்பது வாட்ச்சுக்கு ஒரு குடம். கல்லில் விடும் எண்ணெய் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, அதிலும் ஒவ்வொரு இடத்துக்கு ஒவ்வொரு எண்ணெய், சில இடத்தில் எண்ணெயே கூடாது. எண்ணெய் வாங்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான். அந்த ஜனதாவை ஒரு பெரியவர் கழுவிக் கொடுத்தார், திட்டாமல். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது, அடிபட்டு ஹேர் ஸ்பிரிங் பின்னிக்கொள்வது. லென்ஸில் பார்த்தால் சுற்றுகள் கோலம் போட்ட மாதிரி சம இடைவெளியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் அகலம் என்றால் பின்மூடியை மூடிவிட்டுக் கடைக்குப் போங்கள். நேராக்கும் கை பலருக்கு இல்லை, நமக்கு நிச்சயம் இல்லை.

அறிகுறி 4: மெதுவாக ஓடுகிறது

முழு சாவி கொடுத்திருக்கிறீர்களா? கேவலமான கேள்விதான், ஆனாலும் கேட்டாக வேண்டும். அரைச் சாவியில் எதுவும் ஒழுங்காக ஓடாது.

அப்புறம் போன் செயலி. இந்தக் கைச்சாவி எச்.எம்.டி.கள் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5 'டிக்'. பேலன்ஸ் எத்தனை டிகிரி வீசுகிறது என்பதையும் செயலி காட்டும். முழு சாவியில், டயல் மேலே பார்த்தபடி, 250க்கு மேல் இருந்தால் நெம்புகோலைக் கூட்டல் பக்கம் நகர்த்திச் சமாளிக்கலாம். 200க்குக் கீழே என்றால் மெஷின் வறண்டிருக்கிறது. அப்போது நெம்புகோலைத் தள்ளுவது காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போல.

நாளுக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் நான் திருப்தி. ஐம்பது வருட ஜனதாவிடம் ரயில்வே நேரம் கேட்கக் கூடாது.

சர்வீஸ் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுசா கழற்றுவீங்களா, அப்படியே முக்குவீங்களா?" மெஷினைக் கழற்றாமல் பெட்ரோலில் முக்கி எடுத்து ஊதிக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு மாதம் ஓடும். வீட்டில் நீங்களே கழுவ நினைத்தால், கை கழுவும் ஸ்பிரிட்டில் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள். பேலட் என்ற நங்கூர வடிவத் துண்டின் இரண்டு கற்களையும் அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருக்கும், ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும்.

அறிகுறி 5: டிக் சத்தம் கேட்கிறது, செகண்ட் முள் ஓடுகிறது, நேரம் மட்டும் நகரவில்லை

சாவியை வெளியே இழுத்து முட்களைத் திருப்பிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போவது போல எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால், பெரிய முள்ளைச் சுமக்கும் குழாய் தளர்ந்துவிட்டது. அதை இறுக்க டயலையும் முட்களையும் கழற்ற வேண்டும். தெரிந்தவருக்குச் சின்ன வேலை, தெரியாதவர் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் குழாய் நசுங்கிவிடும். கடை.

எதிர்ப்பு சரியாக இருக்கிறது, ஆனால் பெரிய முள் தொங்குகிறது என்றால் முள்ளின் துளை மட்டும் அகன்றிருக்கிறது. முள்ளை நேராக அழுத்தினால் பல நேரம் போதும்.

முள், டயல் என்று கை வைக்கும் முன் ஒரு விஷயம். இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ள மிகப் பழைய சுவிஸ் வாட்ச்சுகளில், 1960களுக்கு முந்தையவற்றில், அந்தப் பூச்சு ரேடியமாக இருக்கலாம். இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகவில்லை. சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. அப்படி ஒன்று கையில் வந்தால் நான் கண்ணாடியையே கழற்றுவதில்லை.

அறிகுறி 6: சாவி கையோடு வந்துவிட்டது

கையில் வந்ததைப் பாருங்கள்.

சாவியும் முழு நீள ஸ்டெம்மும் வந்திருந்தால் நல்ல செய்தி. உள்ளே பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பின்மூடியைத் திறந்தால் ஸ்டெம் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தத் திருகு தெரியும். ஸ்டெம்மை மெதுவாகச் சுழற்றியபடி உள்ளே தள்ளி, திருகை இறுக்குங்கள். எப்போதாவது ஸ்டெம்மைக் கழற்ற வேண்டி வந்தாலும் இதே திருகைத்தான் தளர்த்த வேண்டும், ஒன்றிரண்டு சுற்று மட்டும். முழுக்கக் கழற்றினால் டயலுக்கு அடியில் ஒரு லீவர் விழுந்துவிடும், அதைத் திரும்ப மாட்ட டயலைக் கழற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையாகிவிடும்.

சாவி மட்டும் வந்து ஸ்டெம் உள்ளேயே இருந்தால் மரை தேய்ந்திருக்கிறது. புதுச் சாவி போட்டால் சரி.

ஸ்டெம் ஒடிந்து பாதி சாவிக்குள் மாட்டியிருந்தால், பழைய சாவியைத் தூக்கிப் போடாதீர்கள். பித்தளைச் சாவி என்றால் நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கி, சூடான தண்ணீரில் கரையும் அளவுக்குக் கரைத்து, சாவியை மட்டும் அதில் போட்டு வெதுவெதுப்பாகவே வைத்திருங்கள். எஃகை அது மெல்லக் கரைக்கும், பித்தளையை விட்டுவிடும். ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் ஆகும். 'எச்.எம்.டி.' எழுத்துப் பொறித்த மூலச் சாவி இப்போது தனியாகக் கிடைப்பது கஷ்டம், அதனால் காத்திருப்பதில் நியாயம் உண்டு.

அறிகுறி 7: கண்ணாடிக்குள் ஆவி

வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் போனதும் லேசாகப் படர்ந்து உடனே மறைந்தால் உள்ளே ஈரக்காற்று. அடுத்த சர்வீஸில் ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். துளியாக நின்றால் தண்ணீர். சாவியை வெளியே இழுங்கள், பின்மூடியைத் திறங்கள், மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் மூடி வையுங்கள், அன்றைக்கே அல்லது மறுநாள் கடைக்கு. அரிசிப் பானை வேண்டாம், மாவுத் தூள்தான் ஒட்டும். கடல் தண்ணீர் என்றால் மறுநாள் கூடத் தாமதம்.

பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும், இந்த வயதில் எந்த எச்.எம்.டி.யும் தண்ணீர் புகாத வாட்ச் இல்லை. கை கழுவும்போது கழற்றுங்கள்.

கண்ணாடியில் கீறல் என்றால், இவை பெரும்பாலும் அக்ரிலிக், பற்பசையை மெல்லிய துணியில் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்தாலே போகும். விரிசல் போகாது, மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 8: உள்ளே கடகட சத்தம்

உடனே கழற்றி வையுங்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள். ஒரு திருகு கழன்று உள்ளே அலைகிறது என்றால் அடுத்து அது பேலன்ஸுக்குள்தான் போகும். பின்மூடியைத் திறந்து காகிதத்தின் மேல் கவிழ்த்தால் பாதி நேரம் தானாக விழும். எங்கிருந்து வந்தது என்று காலி ஓட்டையைத் தேடுங்கள். மெஷினைக் கேஸோடு, அதாவது வெளிக்கூட்டோடு, பிடிக்கும் திருகுகள்தான் வழக்கமான சந்தேகப் புள்ளிகள். ஆட்டோமேட்டிக்கில் 'விர்ர்' என்ற சத்தம், கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடையான ரோட்டர் சுழல்வது, அது இயல்பு. உரசும் சத்தமாக இருந்தால், ரோட்டரின் விளிம்பு பின்மூடியின் உள்பக்கத்தில் வட்டமாகக் கீறியிருக்கிறதா என்று பாருங்கள். கீறியிருந்தால் தாங்கி தேய்ந்துவிட்டது.

அறிகுறி 9: எந்தக் குறையும் இல்லை, புத்தம் புதிதாகப் பளபளக்கிறது

சேகரிப்பவர்களுக்கு இதுதான் ஆபத்தான அறிகுறி. நாற்பது வருட வாட்ச் நேற்று வாங்கியது போல இருந்தால், டயலை மறுபடி அச்சடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பைலட்டும், ஒரு காலத்தில் இந்தியாவில் எல்லாக் கல்யாண மாப்பிள்ளை கையிலும் இருந்த ஃபேவர் லூபாவும் இதற்கு அதிகம் மாட்டியவை. ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று கம்பெனியே செய்யாத நிறத்தில் எல்லாம் வரும்.

லென்ஸில் எழுத்தைப் பாருங்கள். மூல அச்சின் விளிம்பு கூர்மையாக இருக்கும், மறுஅச்சு மை கசிந்து தடித்திருக்கும். பெரிய முள் நிமிடக் கோட்டைத் தொடும் நீளத்தில் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் வேறு வாட்ச்சின் முள். கேஸில் பட்டை மாட்டும் காதுகள் சோப்புக்கட்டி போல உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டது. கடைசியாக மெஷின். டயல் புதிது, மெஷினில் திருகுத் தலையெல்லாம் சிதைந்திருக்கிறது என்றால் உங்களுக்கு முன்னால் நாலு பேர் உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

மறுஅச்சு டயலை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். என்னிடமே ஒன்று இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது, மூல டயலின் விலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி பின்மூடியைத் திறந்து மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். "ஓடுதுல்ல சார், அப்புறம் எதுக்கு?" என்று பதில் வந்தால், நான் வாட்ச்சைத் துணியில் துடைத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.